நாய் டீச்சரின் முகப்பட்டை

"பிடிங்க சார், நல்லா பிடிங்க. நான் இப்ப ஒரு பூனையப் பாத்துட்டேன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் தெருவின் எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். அவள் மூக்கின் மேல் ஒரு வளையம், காதுகளுக்குப் பின்னால் ஒரு வார், தாடைக்குக் கீழே கொக்கி. கொக்கியில் மாட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரர் பதறிப்போய் வெடுக்கென்று சுண்டினார். அவள் முகம் அப்படியே பின்பக்கம் திரும்பியது. "யம்மாடி!" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அடுத்த நொடியே உற்சாகமாக ஆரம்பித்துவிட்டாள். "பாத்தீங்களா? எனக்குச் சுளுக்கிடுச்சு. நாளைக்கு உங்க நாய்க்கும் இதேதான். சுண்டக் கூடாது சார். அது இழுத்தா நீங்க சும்மா நின்னுடணும். அவ்வளவுதான் வேலை."

ஸ்கூட்டரில் போன ஒருவர் இந்தக் காட்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் குப்பைத்தொட்டியில் மோதினார். மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் கீழ்வீட்டில் காய்ந்த துணியெல்லாம் நனைவது தெரியாமல் வாயைப் பிளந்தபடி நின்றாள். மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது அவர் கவலை.

அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் நாய் டீச்சர். இழுக்காமல் நடக்க நாய்களைப் பழக்குவதுதான் தொழில். ஆனால் முதல் நாள் வகுப்பில் நாய்க்கு இடமில்லை. "நாய்க்கு மொத நாள் லீவு. மொத பாடம் பிடிக்கிற கைக்குத்தான்" என்பாள். அதற்கென்றே செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தன் முகத்தின் அளவுக்கு ஒரு பட்டை தைத்து வைத்திருக்கிறாள். அளவெடுத்த அன்று அவர் பயந்துபோய், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ரகசியமாக விசாரித்தாராம்.

நாய்க்குப் போடும் முகப்பட்டையைப் பலரும் வாய்ப்பூட்டு என்று நினைத்துக்கொண்டு, "கடிக்கிற நாயா?" என்று ஒதுங்குவார்கள். டீச்சருக்கு அப்போதெல்லாம் மூக்கு நுனியில் கோபம் வரும். அதைப் போட்டுக்கொண்டே நாய் தின்னலாம், குடிக்கலாம், கொட்டாவி விடலாம், குரைக்கலாம். "கழுத்துல கட்டினா அது உங்கள இழுக்கும். நெஞ்சுல கட்டினா வண்டியே இழுக்கும். மூஞ்சியில கட்டினா, இழுக்கப் போனாலே தலை திரும்பி உங்களத்தான் பாக்கும். உங்களப் பாக்குறவன் எங்கங்க ஓடப் போறான்?" இதை அவள் சொல்லாத வீடு இல்லை. பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் நாயின் தலையில் மாட்டிவிடவும் விடமாட்டாள். வளையத்துக்குள் கோழித்துண்டைக் காட்டி, நாயே ஆசைப்பட்டு மூக்கை உள்ளே விடும் வரை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பாள். எத்தனை நாளானாலும் சரி.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், யாரோ ஒரு மீசைக்காரர் தன் மனைவியின் முகத்தில் கயிறு கட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தார். அதிர்ச்சியில் நழுவிய கருவிப்பெட்டி அவர் கால் மேலேயே விழுந்தது. இப்போது பழகிவிட்டது. "எனக்கு வேலை மேலயும் கீழயும். அவளுக்கு முன்னாலயும் பின்னாலயும். ரெண்டு பேரும் நடுவுல சந்திக்கறதுதான் கஷ்டம்" என்று சிரிப்பார். கடைத்தெருவில் அவர் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். அவர் திரும்பிப் பார்க்கும் வரை அசைய மாட்டாள். திரும்பியதும், நாலு பேர் காதில் விழும்படி, "சபாஷ்!"

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் கையுறை தைக்கும் கூடத்தில் தரம் பார்க்கும் வேலை செய்தாள். அந்தப் பழக்கமோ என்னவோ, ஆட்களைக் கையை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள். போனில் யாராவது அறிமுகம் செய்துகொண்டால், "யாரு? கட்டைவிரல உள்ள மடக்கிப் பிடிப்பீங்களே, நீங்களா?" என்பாள். கணவரின் பழைய வேலைச்சட்டையைத்தான் மேலே மாட்டிக்கொண்டு திரிவாள், அதில் பாக்கெட் அதிகம் என்பதற்காக. எல்லாப் பாக்கெட்டிலும் வேகவைத்த கோழித்துண்டுகள். அதனால் ஊரில் உள்ள சொந்தமில்லாத நாய்களெல்லாம் அவளுக்குச் சொந்தம். மனிதர்களிடம் வாய் கொஞ்சம் நீளம். தன் கண் மேல் நம்பிக்கையும் கொஞ்சம் அதிகம். ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அந்த வீட்டில் கயிற்றைச் சுண்டுகிற ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்று பெருமையடித்துக்கொள்வாள்.

கண்ணாடிக்கடைப் பெண்ணின் வீட்டில்தான் அந்தப் பெருமை கவிழ்ந்தது.

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவள். குழந்தை குட்டி கிடையாது. ஒரு நாய் உண்டு. குட்டியாக வந்த அன்றைக்கு வாசலில் போட்டது போட்டபடி கிடந்ததால் அதற்கு மூட்டை என்று பெயர். மூட்டை வளர்ந்து மலை மாதிரி ஆனது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் எதையோ பார்த்துப் பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அவள் கணவர் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். குளிரில் கத்திக் கத்தியே கரகரத்துப்போன குரல். நலம் விசாரித்தாலும் சண்டைக்கு வருவது போல இருக்கும். "இன்னொரு தடவ இவ விழுந்தா நான் தாங்க மாட்டேன் டீச்சர். மரக்கடைக்காரர் காவலுக்கு நாய் கேக்குறாரு. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். அதுக்குள்ள இது ஒழுங்கா நடந்தா சரி. இல்லன்னா போகட்டும்" என்றார். மரக்கடைக்குப் போனால் பகல் முழுக்கச் சங்கிலிதான். அது எல்லோருக்கும் தெரியும். மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைய எப்படியாவது காப்பாத்திக் குடுங்க டீச்சர்" என்று அழுதாள்.

டீச்சர் அந்த நிமிஷமே கட்சி சேர்ந்துவிட்டாள். அழுகிறவள் பக்கம்.

முதல் நாள் வழக்கப்படி தன் முகத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றைக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் வாசலைத் தாண்டி நாலடி வைத்ததும், "ரோட்ல மானம் போகுது" என்று கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சுண்டுகிற கை இதுதான் என்று டீச்சர் முடிவு கட்டினாள். மனைவியின் கையில் கட்டு இருந்ததால், பாவம், அவளுக்கு அந்தப் பாடத்தை வைக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் பாடத்தை ஒருவருக்குத் தள்ளுபடி செய்தது அது ஒன்றுதான். "சார் இனிமே கயித்தத் தொட வேண்டாம். கட்டுப் பிரிச்சதும் அம்மா மட்டும் பிடிக்கட்டும்" என்று உத்தரவு போட்டாள்.

மூட்டை பட்டைக்கு அழகாகப் பழகியது. டீச்சர் கையில் கயிறு இருந்தால் ஊர்வலத்து யானை மாதிரி நடந்தது. பஸ் நிறுத்தம், பூனை, பந்து, எதற்கும் அசரவில்லை. கட்டுப் பிரித்ததும் கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் கயிற்றை ஒப்படைத்துவிட்டு, டீச்சர் வேறு வீடுகளைப் பார்க்கப் போனாள். அங்கிருந்துதான் சிக்கல். "ரோட்ல படுத்துக்குது டீச்சர். மூஞ்சிய தரையில தேய்க்குது. எழுப்பினா அம்பு மாதிரி பாயுது" என்று நாள்தோறும் போன் வந்தது. டீச்சருக்குத் தலை சுற்றியது. தன்னிடம் பசு மாதிரி இருந்த நாய் இப்படி மாறுமா? மாறாது. அந்தக் கரகரக் குரல்காரர்தான் பின்னால் ஏதோ செய்கிறார் என்று சந்தேகம் இல்லாமல் நம்பினாள்.

மரக்கடைக்காரர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைசியாக ஒரு முயற்சி என்று கிளம்பிப் போனாள். வாசலில் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது மூட்டை. பாக்கெட்டில் கைவிட்டபடி குனிந்தவள் அப்படியே உறைந்துபோனாள். நாயின் மூக்குத்தண்டில், பட்டை உட்காரும் இடத்தில், விரல் அகலத்துக்கு ரோமம் உதிர்ந்து தோல் கன்றிச் சிவந்திருந்தது. இப்படி ஒரு காயத்தை அவள் பழக்கிய எந்த நாயின் முகத்திலும் பார்த்ததில்லை.

"சார்! வெளிய வாங்க!" அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க? அது வாயில்லா ஜீவன்தானே? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு விடுங்க. இப்படியா சுண்டுவீங்க?"

அவர் முகத்தில் பாதி சவர நுரையோடு வந்து நின்றார். "நானா? நான் கயித்தத் தொட்டே எத்தனையோ நாளாச்சு டீச்சர். நீங்கதானே தொட வேண்டாம்னீங்க?"

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா டீச்சர். இவளையே கேளுங்க."

மனைவி கதவருகில் நின்றிருந்தாள். "ஆமா டீச்சர், அவர் தொடல" என்றாள். "நான்தான் தினமும் கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் நம்பவில்லை. பையிலிருந்து தன் பட்டையை எடுத்து மாட்டினாள். கயிற்றை அவரிடம் நீட்டினாள். "பிடிங்க. இன்னிக்கு கேட்டுக்குள்ளயே நடக்கலாம், மானம் போகாது." நுரை காயாத முகத்தோடு அவர் பிடித்தார். அவள் சுவர்ப்பக்கம் பாய்ந்தாள். எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். திடீரென்று நின்றாள். மூக்கின் மேல் ஒரு தும்பு விழுந்த அளவுக்குக்கூட உறுத்தவில்லை. அந்தப் பெரிய முரட்டுக் கை அவள் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. அவ்வளவு இதமான கையை அவள் இந்தத் தொழிலில் கண்டதில்லை.

மனைவியைக் கூப்பிட்டாள், "நீங்க வாங்கம்மா."

கண்ணாடிக்கடைப் பெண் சிரித்துக்கொண்டே வந்து கயிற்றை வாங்கினாள். "நான் சும்மா நடக்கிறேன். நீங்களும் கூட நடங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஓர் அடி எடுத்து வைத்தாள். வைத்தாளோ இல்லையோ, கழுத்தில் பொறி பறந்தது. முகம் தோள்பட்டை வரை திரும்பிவிட்டது. அந்தப் பெண் அதே சிரிப்போடு, "ம், போலாம் டீச்சர்" என்று காத்திருந்தாள்.

தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடியும் நடந்தாள். மாடியில் யாரோ கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு சுண்டல் வந்தது. அடுத்து டீச்சர் காலைத் தூக்கவில்லை, தூக்கலாம் என்று குதிகாலை மட்டும் அசைத்தாள். அதற்கே அந்தப் பெண்ணின் முழங்கை பின்னால் போய்விட்டது. மூக்கின் மேல் வார் அறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தன் கையாலேயே கயிற்றைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தோம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. நல்லவளென்று நினைத்து, அழுதாளே என்று இரக்கப்பட்டு, முதல் பாடம் வைக்க வேண்டியவளுக்கு வைக்காமல் விட்டுவிட்டாள். காயம்பட்ட மூக்கோடு அந்த நாய் பெஞ்சுக்கு அடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் டீச்சர். "நீங்கதான் சுண்டுறீங்க."

"நானா?" அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "என்ன டீச்சர் நீங்க. என் பிள்ளைய நான் சுண்டுவேனா?"

"அது இழுக்கறதுக்கு முன்னாடியே சுண்டுறீங்க. நான் இன்னும் காலக்கூட எடுக்கலம்மா."

"இல்லையே. நான் சும்மாதானே பிடிச்சிருந்தேன்?" சிரிப்பு பாதியில் நின்றது. கணவரிடம் திரும்பினாள். "இவங்க என்னங்க சொல்றாங்க? நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் மனைவியின் முழங்கையையே பேயறைந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கரகரக் குரல் இவ்வளவு மெதுவாகக்கூட வரும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. "இழுத்த. மூணு தடவையும் இழுத்த. நான் பாத்தேன்."

அந்தப் பெண் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல. "விழுந்ததுல இருந்து பயம்தான் டீச்சர். கயித்தப் பிடிச்சாலே இங்க விண்ணுனு தெறிக்கும். இதோ இழுக்கப் போகுது, இதோ விழப் போறேன்னு இருக்கும். ஆனா சுண்டினது எனக்கு... எனக்குத் தெரியவே தெரியாது."

டீச்சர் பட்டையைக் கழற்றினாள். "சார், உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. தப்பு எம்மேல. மொத நாளே அம்மாவையும் பிடிக்கச் சொல்லியிருக்கணும்." அவர் இன்னும் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

"அத எனக்குப் போட்டு விடுங்க" என்றாள் அந்தப் பெண்.

"எதுக்கும்மா?"

"போட்டு விட்டு, நான் சுண்டின மாதிரியே சுண்டுங்க."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ, நான் மாட்டேன். இத்தன வருஷத்துல ஒரு நாயக்கூட நான் சுண்டினதில்ல."

"நீங்க வாயால சொன்னா எனக்கு நம்பிக்கை வரல டீச்சர். அதுக்குப் பட்டது எனக்கும் படட்டும்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கண்ணாடி இல்லாத அந்த முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வாரை மாட்டி, இறுக்கம் சரிதானா என்று விரல் விட்டுப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, தனக்கு எவ்வளவு பட்டதோ அவ்வளவே, ஒரே ஒரு தடவை சுண்டினாள்.

தலை வெடுக்கென்று திரும்பியதில் அந்தப் பெண்ணின் கூந்தலில் செருகியிருந்த கிளிப் தெறித்து விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை. திரும்பிய முகத்தைத் திருப்பவும் இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "இன்னொரு தடவ" என்றாள்.

"போதும்மா."

"அதுக்கு எத்தன தடவையோ. அதுகிட்ட நான் போதுமான்னு கேக்கலையே டீச்சர்."

டீச்சர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். இனி அதைத் தொடமாட்டேன் என்று கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். வெளிக்கேட் சத்தம் கேட்டது. மரக்கடைக்காரர், தோளில் சங்கிலியோடு, "சார் இருக்காரா?" என்று எட்டிப் பார்த்தார்.

முகத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தவள்தான் முதலில் பேசினாள். "குடுத்துடுங்க."

"என்னடி சொல்ற?" என்றார் கணவர்.

"எங்கிட்ட வேண்டாங்க. அங்க சங்கிலிதான், தெரியும். சங்கிலி சும்மா கிடக்கும். என் கை சும்மா இருக்காது."

நாயை அனுப்பியே தீருவேன் என்று ஒரு மாசமாகக் குதித்த மனிதர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். வெளியாள் சத்தம் கேட்டு மூட்டை பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்தது. எல்லோரையும் ஒரு தடவை மோந்து பார்த்தது. பிறகு எஜமானியின் காலடிக்கு வந்து, அவள் தாடையிலிருந்து தரைவரை தொங்கிய கயிற்றின் மேலேயே பொத்தென்று படுத்துவிட்டது.

மரக்கடைக்காரரிடம் ஒப்படைக்கத்தான் அவள் எழுந்தாள். பாதி எழுந்ததும் கயிறு விறைத்தது. முகம் வெடுக்கென்று கீழே இழுபட்டது. பழக்கதோஷம், அவள் வலது கை பாய்ந்து கயிற்றை இறுகப் பற்றியது. டீச்சர் "வேண்டாம்" என்று கத்த வந்த வார்த்தையைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்தினாள். அந்தக் கையைத் தன் தலைக்கு மேலே கண்ட மூட்டை, எழுந்து ஓடக்கூடத் தோன்றாமல், காதுகளைப் பின்னால் ஒடுக்கிக்கொண்டு இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டது.

அதை அவள் பார்த்தாள். கண்ணாடி இல்லாமலேயே பார்த்தாள்.

"என்ன சார், கூட்டிட்டுப் போகவா?" என்றார் வாசலில் நின்றவர். கணவர் திரும்பாமலேயே வேண்டாம் என்று தலையசைத்தார்.

கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் முழங்காலை மடித்தாள். நாயின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும் வரை தணிந்து தணிந்து, கயிறு முழுக்கத் தளரும் வரை தணிந்து, தரையில் உட்கார்ந்தாள். வலது கையை உள்ளங்கை மேலே தெரிய அதன் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, அது கண் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.